எலி எங்கே பிறந்தது என்று கேட்பவர்களுக்கு

புதைபடிவம் பற்றிய செய்தி ஒன்று தமிழில் வெளியானால், அதன் கீழே முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அப்படியானால் இந்த உயிர் முதன்முதலில் நம் மண்ணில்தான் தோன்றியதா?" மொழியியல் பயின்றவனுக்கு இக்கேள்வி புதிதன்று. "உலகின் மூத்த மொழி எது?" என்ற கேள்வியின் உடன்பிறப்பு அது. இரண்டுமே உண்மையான ஆர்வத்திலிருந்து பிறப்பவை. ஆனால் இரண்டிலும் ஒரு கோளாறு உண்டு. விடையாக ஒரு நிலத்தையோ ஒரு மக்களையோ முதலில் நிறுத்திவிட்டு, சான்றைப் பின்னால் தேடச் சொல்கின்றன.

எலியினத்தின் தொன்மையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பேச விரும்புகிறேன். என் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றம் என்பது ஒரு நிலத்துக்கு எழுதித்தரும் பட்டா அன்று. கிளைகள் பிரிந்த வரலாறு. அவ்வரலாற்றின் சான்றுகள் ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள பற்களில் இருக்கின்றன. அச்சான்றுகளில் உலகமே சார்ந்திருக்கும் ஒரு பகுதி நம் துணைக்கண்டத்து மண்ணுக்குள் கிடக்கிறது. "முதலில் இங்கேதான்" என்று மகிழ்வதற்கு நாம் காட்டும் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவற்றைக் காப்பதில் காட்டவில்லை.

பெயர் வேறு, உறவு வேறு

முதலில் பெயர்களைப் பார்ப்போம். மூஞ்சூறு எலி போலவே இருக்கிறது, வீட்டுக்குள் வருகிறது, பிள்ளையாருக்கு ஊர்தியாகவும் நிற்கிறது. ஆனால் அது எலியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளைத் தின்னும் வேறொரு குலம். தமிழகத்தின் வறண்ட காடுகளில் வாழும் முள்ளெலியும் பெயரால்தான் எலி. குலத்தால் மூஞ்சூறுக்கு நெருக்கமானது. மறுபுறம், முள்ளம்பன்றி பன்றியன்று. அது அணிலையும் எலியையும் போலக் கொறித்துண்ணும் விலங்கு. முயல் கொறித்தாலும் கொறிணி ஆகாது. கொறிணிகளுக்கு மிக அருகில் நிற்கும் பக்கத்துக் கிளை.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மரபணுக்களை ஒப்பிட்டு வரையப்பட்ட பாலூட்டிகளின் குலமரத்தில், மூஞ்சூறு நிற்கும் பெருங்கிளையில் பசு, புலி, வௌவால் ஆகியவை இருக்கின்றன. எலி நிற்கும் பெருங்கிளையில் முயல், குரங்கு, மனிதன். அதாவது எலிக்கு மூஞ்சூறைவிட நாம்தான் நெருங்கிய உறவு.

இதைக் கொண்டு நம் முன்னோர் தவறாகப் பெயரிட்டுவிட்டார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஊர்ப்பெயர்கள் தோற்றத்தையும் பழக்கத்தையும் பயனையும் குறிப்பவை. குலமரம் வரைவது அவற்றின் வேலையன்று. அறிவியல் உலகிலும் இதுவே நடந்திருக்கிறது. பெருச்சாளியைத் தெலுங்கில் 'பந்திகொக்கு' என்பர். பன்றி எலி என்று பொருள். அச்சொல் ஆங்கிலத்தில் 'பண்டிகூட்' ஆயிற்று. பின்னர் ஆஸ்திரேலியாவில் கண்ட, வயிற்றில் பை உடைய ஒரு விலங்குக்கும் அப்பெயரையே சூட்டினார்கள். பெருச்சாளிக்கும் அதற்கும் எவ்வித நெருங்கிய உறவும் இல்லை. ஒரு தெலுங்குச் சொல் கடல் கடந்து போய் உறவில்லாத உயிரின் மேல் ஒட்டிக்கொண்டது.

பூமியின் பழைய பாறைகளிலும் இப்படிப்பட்ட போலி ஒற்றுமைகள் உள்ளன. இன்றைய தெலங்கானாவின் நஸ்கல் பகுதியில், தக்காணத்து எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கு இடையே படிந்த வண்டலில், டைனோசர்களின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த சிறு பாலூட்டிகளின் பற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கொறித்துண்ணுவதற்கு ஏற்ற, உயர்ந்த முடியுடைய பல். 2007ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இவ்வகைப் பற்களுக்குத் தனித்தனியே 'பாரத்தீரியம்' என்றும் 'தட்சிணா' என்றும் பெயரிட்டன. இப்போது இரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. பார்த்தவுடன் எலியின் மூதாதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது கோண்ட்வானா நிலங்களில் மட்டும் வாழ்ந்து, வழித்தோன்றல் இன்றி மறைந்த ஒரு குலம். ஒரே வேலையைச் செய்யும் பற்கள் ஒரே வடிவத்தை அடைவதுண்டு. வடிவ ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

பல்லும் ஹல்லும்

மொழிநூலின் முதல் பாடமும் இதுவே. தமிழின் 'ஒன்று' என்பதிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'ஒன்' வந்தது என்று சொல்லும் பதிவுகள் ஆண்டுதோறும் சுற்றுகின்றன. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'ஆன்'. பின்னோக்கிச் செல்லச் செல்ல அது தமிழை விட்டு விலகுகிறது. உண்மையான உறவுச்சொற்கள், பழைய வடிவங்களைத் தேடிச் செல்கையில் ஒன்றையொன்று நெருங்க வேண்டும்.

மாறாக, மைசூர்த் தெருக்களில் கேட்கும் கன்னடத்தைக் கவனியுங்கள். நம் 'பல்' அங்கே 'ஹல்லு'. 'பால்' அங்கே 'ஹாலு'. 'புலி' அங்கே 'ஹுலி'. முதலெழுத்தில் ஒற்றுமையே இல்லை. ஆயினும் வேற்றுமை ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகிறது. பழங்கன்னடத்தில் அவையும் பகரத்தில் தொடங்கின. 10ஆம் நூற்றாண்டை ஒட்டிய கல்வெட்டுகளிலிருந்து ஹகரம் தலைகாட்டுவதைக் காணலாம். நம் 'எலி' கன்னடத்தில் 'இலி'. நம் 'செவி' அங்கே 'கிவி'. இரண்டிலும் பின்னால் வரும் இகரம் முன்னால் உள்ள எகரத்தைத் தன்பால் இழுத்து இகரமாக்கியிருக்கிறது. அவ்வாறு இழுக்க இகரமோ உகரமோ பின்னால் இல்லாத 'செய்' பழங்கன்னடத்தில் 'கெய்' என்றே நிற்கிறது. சென்னையில் இருந்த எல்லிஸ் 1816இல் தென்மொழிகளின் உறவை எடுத்துரைத்ததும், கால்டுவெல் 1856இல் அதை விரிவான ஒப்பிலக்கணமாக்கியதும், இத்தகைய சிறு ஒழுங்குகளின் வழியேதான்.

எலியின் வரலாற்றை எழுதுவோரும் இதே முறையில்தான் உழைக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துகளின் இடத்தில் பல்முகடுகள்.

கொறிணிகளுக்கு மேலும் கீழும் ஒவ்வோர் இணை வெட்டுப்பற்கள் உண்டு. அவை வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கத்தில் மட்டுமே கெட்டியான எனாமல் பூச்சு இருப்பதால், பின்பக்கம் விரைவாகத் தேய்ந்து உளிபோன்ற கூர்மை தானே உண்டாகிறது. இன்று வாழும் பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொறிணிகள் என்பதற்கு இந்த உளி ஒரு முக்கியக் காரணம். ஆனால் எந்தக் கொறிணி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதைச் சொல்வது பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல். அதன் மேற்பரப்பில் உள்ள சிறு முகடுகள் எத்தனை, எந்த வரிசையில் நிற்கின்றன, எது எதனோடு இணைகிறது என்பதே இலக்கணம். எலும்புகள் நொறுங்கிவிடும், பல் நிற்கும்.

பொட்வாரின் சல்லடை

இமயத்தின் அடிவாரத்தில் நீண்டு கிடக்கும் சிவாலிக் பாறைகள், பழைய ஆறுகள் கொண்டுவந்து குவித்த வண்டல். அவற்றின் மிக முழுமையான அடுக்குகள் இன்றைய பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியில் உள்ளன. 1970களில் அங்கே ஆய்வு செய்த அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் லூயிஸ் ஜேக்கப்ஸ், யானைக் கொம்பையும் ஒட்டகச்சிவிங்கி எலும்பையும் தேடுவோர் கடந்து சென்ற மண்ணையே எடுத்துக்கொண்டார். அம்மண்ணை மூட்டை மூட்டையாகச் சுமந்து, நீரில் கரைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, மிஞ்சியதை உருப்பெருக்கியின் கீழ் மணிமணியாகப் பொறுக்குவதே அந்தக் குழுவின் முறை.

1978இல் வெளியான அவருடைய நூலில் சுமார் 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய 'ஆன்டிமஸ்' இடம்பெற்றது. சுண்டெலிக்கு முந்தையது என்பது அப்பெயரின் கருத்து. அதன் பல்லில், பழைய வெள்ளெலி வகைப் பல்லின் இரட்டை முகடுகளோடு மூன்றாவது வரிசை முளைத்திருக்கிறது. ஆனால் அது இன்னும் மற்றவற்றோடு இணையவில்லை. சுமார் 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் வரும் 'புரோகோனோமிஸ்' பல்லில் அந்த மூன்றும் வளைந்த ஒரே வரிசையாக இணைந்துவிட்டன. அரிசியில் வாய் வைக்கும் இன்றைய சுண்டெலியின் பல் அந்த அமைப்பின் தொடர்ச்சியே. ஒரு குலம் தன் இலக்கணத்தை மாற்றிக்கொண்டதை, அடுக்கு அடுக்காக, இடையிடையே காந்தத் திசை மாற்றங்களால் காலமும் குறிக்கப்பட்டு, இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் உலகில் மிகச் சில.

ஜேக்கப்ஸ் இன்னொரு பேரினத்துக்கு இட்ட பெயர் 'கர்ணிமாதா'. பிகானேர் மாவட்டத்துத் தேஷ்னோக்கில் ஆயிரக்கணக்கான எலிகள் பயமின்றித் திரியும் கர்ணி மாதா கோயிலை நினைவுகூரும் பெயர் அது. பாகிஸ்தானில் கிடைத்த பல்லுக்கு ராஜஸ்தான் அம்மனின் பெயர். 1947இல் போட்ட கோடு அந்தப் பல்லுக்குத் தெரியாது.

இப்பற்கள் உள்ளூர்ச் செய்தியாக நிற்கவில்லை. மரபணு வேறுபாடுகளை எண்ணி, இரண்டு உயிர்கள் எப்போது பிரிந்தன என்று கணிக்கும் முறையை மூலக்கூறுக் கடிகாரம் என்பர். அக்கடிகாரம் தானாக மணி சொல்லாது. காலம் தெரிந்த புதைபடிவம் ஒன்றைக் கொண்டு அதற்கு நேரம் வைக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் எலியும் சுண்டெலியும் எப்போது பிரிந்தன என்பதற்கு, சிவாலிக் பற்களிலிருந்து பெற்ற ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஆண்டு என்னும் எண்ணே பல ஆண்டுகள் அடிப்படையாக இருந்தது. அந்த எண்ணைக் கொண்டு மற்ற பல பாலூட்டிகளின் காலமும் கணக்கிடப்பட்டது.

2015இல் யூரி கிமுராவும் உடனாய்வாளர்களும் அப்பற்களை மீண்டும் ஆராய்ந்தார்கள். கர்ணிமாதா கிளை, எலியை நோக்கிச் செல்வதன்று. ஆப்பிரிக்கப் புல்வெளி எலிகளும் இந்தியாவின் சில வயல் எலிகளும் அடங்கிய வேறொரு கூட்டத்தை நோக்கிச் செல்வது என்று காட்டினார்கள். ஆகவே அப்பற்கள் குறிப்பது அக்கூட்டத்துக்கும் சுண்டெலிக்கும் இடையிலான பிரிவை. அதன் காலம் குறைந்தது 1 கோடியே 11 லட்சம் ஆண்டு. எலி பிரிந்தது அதற்கும் முன்னால். இக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஜேக்கப்ஸும் ஒருவர் என்பது என்னைப் பெரிதும் கவர்ந்த செய்தி. தம் பெயரால் அறியப்பட்ட எண் தவறான முனையில் மாட்டப்பட்டிருந்தது என்று அவரே சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார். நம் ஊரில் "மூத்தது எது" என்ற விவாதத்தில் இறங்குவோரிடம் இந்தப் பண்பை எதிர்பார்க்க முடியுமா?

மொழியியலாரும் இத்தகைய கடிகாரம் ஒன்றைச் செய்து பார்த்தவர்களே. அடிப்படைச் சொற்கள் ஒரே வேகத்தில் மறைகின்றன என்று கொண்டு, மொழிகள் பிரிந்த ஆண்டைக் கணிக்க 1950களில் மோரிஸ் சுவாதேஷ் முயன்றார். வேகம் மொழிக்கு மொழி மாறியதால் அம்முறை செல்வாக்கிழந்தது. இன்றும் ஒரு மொழிப்பிரிவின் காலத்தைச் சொல்ல வேண்டுமானால் தேதி தெரிந்த கல்லோ ஏடோ வேண்டும். கன்னடத்துக்கு, கி.பி. 450ஐ ஒட்டியது என்று பொதுவாகக் கொள்ளப்படும் ஹல்மிடிக் கல்வெட்டு அப்படியொரு நங்கூரம். எலியின் உலக வரலாற்றுக்குப் பொட்வாரின் பல் அத்தகையது. அப்படிப்பட்ட ஒன்றைத் தவறான கிளையில் கட்டினால் கணக்கு முழுவதும் நகரும். தொலைத்துவிட்டால் கணக்கே இல்லை.

ஒரே கேள்விக்குப் பல விடைகள்

இனி, முதற்கேள்விக்கு வருவோம். எலி எங்கே பிறந்தது? எந்தக் கிளையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கொறிணிக் குலம் முழுவதையும் கேட்டால், அதன் மிகப் பழைய உறவினர்கள் சீனாவிலும் மங்கோலியப் பகுதியிலும் சுமார் 6 கோடி ஆண்டுகளை ஒட்டிய அடுக்குகளில் கிடைக்கிறார்கள். தெளிவான பழைய கொறிணிகள் வட அமெரிக்காவில் சுமார் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றுகின்றன. ஆசியாவே தாயகம் என்பது பலர் ஏற்கும் கருத்து. அப்போது இந்தியா ஆசியாவோடு முழுமையாக இணையவில்லை.

இந்தியாவின் மிகப் பழைய கொறிணிகளைக் கேட்டால், குஜராத்தின் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே சுமார் 5 கோடியே 45 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள களிமண்ணிலிருந்து, ராஜேந்திர ராணா உள்ளிட்டோர் 2008இல் 'மெல்டிமிஸ் மூசக்' என்ற இனத்தை அறிவித்தார்கள். மூஷகம் என்னும் வடசொல்லை அதன் பெயரில் கேட்கலாம். அதன் நெருங்கிய உறவினர் இருந்தது ஐரோப்பாவில். இமயம் எழுவதற்கு முந்தைய நாளில் மேற்கிலிருந்து வந்த விருந்தாளி அது.

அடுத்து வருபவை ஜம்முவின் காலாகோட் பகுதியில் கிடைத்த ஈயோசீன் காலக் கொறிணிகள். தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னியின் பெயரால் 1973இல் அவற்றுள் ஒன்றுக்குப் 'பீர்பலோமிஸ்' என்று பெயரிட்டார்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றுக்குப் பாகிஸ்தானில் 1978இல் சூட்டப்பட்ட பெயர் 'சப்பாத்திமிஸ்'. ஆம், சப்பாத்திதான். இவை இம்மண்ணிலேயே பெருகிய கூட்டம். ஆனால் நம் வீட்டு எலிக்கு இவை நேர்மூதாதையர் அல்லர். எலி, சுண்டெலிக் குடும்பத்தின் தொடக்கத்தைக் கேட்டால் மட்டுமே சிவாலிக் முன்னால் வந்து நிற்கிறது.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மிகப் பழைய கல்வெட்டு கிடைத்த ஊர், மொழி பிறந்த ஊர் ஆகாது. அங்கே கல் கிடைத்தது, எழுதுவோர் இருந்தார்கள், தோண்டுவோரும் வந்தார்கள் என்பதே பொருள். பொட்வாரில் பல் கிடைத்ததற்கு, அங்கே டன் கணக்கில் மண் அலசப்பட்டதும் ஒரு காரணம். சல்லடை போகாத இடத்தில் சான்று இல்லாமலிருப்பது இயல்பே.

தார்வாடும் குடகும்

ஓர் உயிர் இன்று வாழும் இடத்தைக் கொண்டு அதன் பழைய எல்லையை முடிவு செய்ய முடியாது என்பதற்குக் கர்நாடகமே நல்ல சான்று தருகிறது. சென்னை அரசின் அலுவலராக இருந்த வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களால் நாம் அறிந்தவர், தார்வாடில் பணியாற்றியபோது அப்பகுதியின் விலங்குகளைத் தொகுத்து 1839இல் பட்டியலாக வெளியிட்டார். அவர் தொகுத்தவற்றுள் புதர்களில் வாழும் ஓர் எலிக்கு 1837இல் 'கோலுண்டா எலியட்டை' எனப் பெயரிடப்பட்டது. கோலுண்டா என்பது, அக்காலத்து நூல்களில் 'குலண்டி' எனப் பதிவான கன்னடப் பெயரின் இலத்தீன் சாயல். வயல்களில் வாழும் இன்னோர் எலியின் அறிவியல் பெயரான 'மெல்டாடா' ஒட்டர் மக்களின் வழக்கிலிருந்து சென்றது. வளை தோண்டிப் பிடித்தவர்களுக்கே எந்த எலி எது என்று தெரிந்திருந்தது. அவர்களின் சொல் உலக அறிவியலில் நிலைத்தது. சொன்னவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அந்தக் கோலுண்டா இன்று ஈரான் முதல் இலங்கை வரையிலான நம் பகுதியில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. ஆனால் அதே பேரினத்தின் பற்கள், 'லூசி' என்னும் புகழ்பெற்ற ஆதிமனித எலும்புக்கூடு கிடைத்த எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில், சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் கிடைத்துள்ளன. கன்னடப் பெயர் பூண்ட எலி ஒரு காலத்தில் லூசியின் அண்டை வீட்டில் இருந்தது.

மைசூரிலிருந்து மேற்கே சில மணி நேரம் பயணம் செய்தால் குடகின் மழைக்காடுகள். அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி வரை, மரப்பொந்துகளில் வாழும் சிறிய கொறிணி ஒன்று இருக்கிறது. முதுகில் தட்டையான முட்கள். வால் நுனியில் தூரிகை போன்ற மயிர். மிளகு தின்பதால் மிளகெலி என்றும் பெயர் பெற்றது. 1859இல் எட்வர்ட் பிளைத் இதற்குப் 'பிளாட்டகாந்தோமிஸ்' எனப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் இதை ஐரோப்பாவின் 'டார்மவுஸ்' பெயரால் அழைப்பது, மூஞ்சூறை எலி என்பது போன்ற மற்றொரு தோற்ற மயக்கம். இதன் ஒரே நெருங்கிய உறவு சீனா, வியட்நாம் மலைகளில் வாழும் 'டைஃப்லோமிஸ்'. அந்த உறவின் மரபணுவை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, எலி, சுண்டெலி, வெள்ளெலி முதலிய 1,700க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய பெருங்குடும்பத்திலிருந்து முதன்முதலில் பிரிந்த கிளை இவர்களுடையது என்று காட்டிற்று. இக்கிளையின் மியோசீன் காலப் பற்கள் ஐரோப்பாவிலும் தாய்லாந்திலும் கொரியாவிலும் கிடைக்கின்றன. பிளாட்டகாந்தோமிஸ் பேரினத்தின் பல்லே சீனத்தின் யுன்னானில் கிடைத்திருக்கிறது. ஒரு காலத்தில் அரைக்கண்டம் பரவியிருந்த குடும்பத்தின் கடைசி வீடுகளுள் ஒன்று நம் மலையில் இருக்கிறது.

மொழிக் குடும்பங்களிலும் இப்படி ஒதுங்கி நிற்கும் சிறு கிளைகள் உண்டு. பேசுவோர் எண்ணிக்கையால் அவை சிறியவை. மூலமொழியை மீட்டெடுக்க அவை தரும் சான்றோ பெரியது. பிரம்மகிரியின் பொந்தில் உறங்கும் மிளகெலி எனக்கு அத்தகைய கிளைமொழியாகவே தோன்றுகிறது. களக்காடு–முண்டந்துறைக் காடுகளில் இதை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தமிழ்ப் பாடநூல் படித்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இதன் பெயரைக் கேட்டிருப்போம்?

மைப்படிக்குக் குரல் கொடுத்தோம்

மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை உயர் நீதிமன்றம் வரை சென்றதும், 2021இல் அவற்றை மாற்ற நீதிமன்றம் ஆணையிட்டதும் அனைவரும் அறிந்தவை. சான்று எங்கே எப்படிக் காக்கப்படுகிறது என்பது ஒரு மக்களின் கவலையாக ஆனது நல்ல அடையாளம். அந்தக் கவலையை இன்னும் கொஞ்சம் ஆழமான மண்ணுக்கு நீட்டிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நாட்டில் புதைபடிவங்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2022 டிசம்பரில் புவிமரபுச் சின்னங்களுக்கான சட்ட வரைவு ஒன்று வெளியிடப்பட்டது. அதிகாரம் முழுவதையும் ஒரே துறையிடம் குவிக்கிறது என்று ஆய்வாளர்கள் குறை கூறினார்கள். அக்குறை நியாயமானது. ஆனால் வரைவில் குறை இருப்பதால் சட்டமே வேண்டாம் என்றாகிவிடாது. திருவக்கரையின் கல்மரங்களுக்கு வேலி இருக்கிறது. மரம் கண்ணுக்குத் தெரிகிறது. எலிப் பல் இருக்கும் களிமண்ணுக்கு யார் வேலி போடுவார்?

வஸ்தானின் கதை சிக்கலானது. சுரங்கம் தோண்டியதால்தான் அந்த அடுக்கு வெளியே வந்தது. தோண்டத் தோண்ட அந்த அடுக்கே மறைகிறது. சுரங்கத்தை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தோண்டும் நிறுவனம் எடுக்கும் மண்ணில் ஒரு பகுதியைச் சல்லடைக்கு விட வேண்டும், ஆய்வாளருக்கு உள்ளே செல்ல உரிமை வேண்டும் என்கிறேன். இது பெருஞ்செலவு அன்று. தண்ணீரும் சல்லடையும் பொறுமையும் போதும்.

தொல்லியல் அகழாய்வுகளுக்கும் இது பொருந்தும். பல்லாவரத்தில் 1863இல் கற்கருவி கண்ட ராபர்ட் புரூஸ் ஃபுட், 1880களில் கர்னூல் மாவட்டத்துப் பில்லாசுர்கம் குகைகளைத் தோண்டச் செய்தார். அங்கே கிடைத்த எலும்புகளை ரிச்சர்ட் லைடெக்கர் 1886இல் விவரித்தார். தென்னாட்டில் இன்று வாழாத தூரிகைவால் முள்ளம்பன்றி ஒன்றும் அவற்றுள் இடம்பெற்றது. அதே குகைகளை மீண்டும் ஆராய்ந்த குழு 2014இல் வெளியிட்ட முடிவு, அங்கே அடையாளம் கண்ட பாலூட்டிகளில் ஏறத்தாழ அனைத்தும் 2 லட்சம் ஆண்டுகளைத் தாண்டி இன்றும் இத்துணைக்கண்டத்தில் வாழ்கின்றன என்பது. பனிக்காலங்களையும் வறட்சிகளையும் கற்கால வேட்டையையும் கடந்து வந்தவை அவை. கடந்த நூறு ஆண்டுகளில் நாம் காட்டுக்குச் செய்வதைக் கடப்பார்களா என்பதற்கு விடை சொல்லவும் இந்தப் பழைய கணக்கே அளவுகோல். ஆகவே நம் அகழாய்வுக் குழிகளில் பானை ஓட்டுக்குக் காட்டும் அக்கறையைச் சிற்றெலும்புக்கும் காட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் மண்ணும் நுண்சல்லடையில் ஏற வேண்டும்.

"வயலில் நெல்லைத் தின்னும் எலிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கக்கூடும். வயலில் நெல்லைத் தின்பது எது, நோயைச் சுமப்பது எது, மிளகெலியைப் போல யாருக்கும் கேடின்றிக் காட்டில் வாழ்வது எது என்று பிரித்தறிய வேண்டுமானால் அவற்றின் உறவுமுறை தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே 'எலி'யாகக் கண்டு ஒரே நஞ்சை வைப்பது வேளாண்மைக்கும் நல்லதன்று.

"அப்படியானால் பெருமைப்படவே கூடாதா?" என்றும் கேட்கலாம். படலாம். எலி இங்கே பிறந்தது என்பதற்காக அன்று. இங்கே கிடைத்த ஒரு பல்லைத் துல்லியமாகப் படித்தார்கள், தவறாக மாட்டப்பட்டபோது திருத்தினார்கள், மீண்டும் சரிபார்க்கும்படி அதைப் பாதுகாத்தார்கள் என்பதற்காக. அந்த மூன்றில் கடைசிக்கு மட்டுமாவது நாம் பொறுப்பேற்கலாம். மூத்தவர் யார் என்று கேட்பதை ஒரு நாள் நிறுத்திவிட்டு, யாரோடு எப்போது பிரிந்தோம் என்று கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்குப் போட்டியாளர்கள் இல்லை, உறவினர்கள் மட்டுமே உண்டு. அதற்கு விடை எழுதிய மண் கரைந்து போவதற்குள் அதை அலசிப் பார்க்க வேண்டும்.